பெருஞ்சிலந்திக்கும் நோய் உண்டு

திருவானைக்காவில் ஒரு சிலந்தி, சிவலிங்கத்தின்மீது சருகுகள் உதிராதவாறு வலைப்பந்தல் கட்டிக் காத்தது என்றும், அதுவே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகத் தோன்றிப் பல கோயில்களை எழுப்பியது என்றும் நம் முன்னோர் கதை சொல்லி வைத்தனர். அக்கதையைக் கேட்டு வளர்ந்த நாமே, வீட்டுச் சுவரில் சற்றுப் பெரிய சிலந்தி ஒன்று தென்பட்டால் முதலில் தேடுவது துடைப்பத்தை! அதனை அடித்துப் போட்ட பிறகே நமக்கு மூச்சு வருகிறது. சிலந்தி என்னும் சொல்லுக்கு உடலில் தோன்றும் ஒருவகைக் கட்டி என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. ஓர் உயிரின்பால் பக்தியையும் அச்சத்தையும் ஒருங்கே வைத்திருப்பவர் நாம்.

சிலந்திகளுள் உருவத்தால் மிகப் பெரிய குடும்பம் ஒன்று உண்டு. உடலும் கால்களும் மயிர் அடர்ந்து, கால்களை விரித்தால் உள்ளங்கையை மறைக்கும் அளவுக்கு வளர்பவை அவை. ஆங்கிலத்தில் இவற்றை டாரன்டுலா என்பர். இத்தாலி நாட்டு டாரன்டோ நகரின் பெயரால் அவ்வூர்ப் பக்கத்து வேறொரு சிலந்திக்கு முதலில் வழங்கிய சொல் அது. பின்னர் இப்பெரிய இனத்தின்மேல் ஏறி நிலைத்துவிட்டது. நாம் இக்கட்டுரையில் பெருஞ்சிலந்தி என்றே வழங்குவோம். மேனாடுகளில் பலர் இவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து வளர்க்கின்றனர். நாயும் பூனையும் போலவே இவையும் நோயுறும், காயமடையும், மூப்பெய்தும். அவ்வேளையில் செய்யத் தக்கது எது, செய்யத் தகாதது எது என்பதை நம் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நலம். மைசூரில் பிழைக்க வந்த நமக்கு இது எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். அதற்குக் காரணம் உண்டு.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய உயிர்

மரப்பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்தி இனம் ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. பொசிலோத்தீரியா என்பது அதன் அறிவியற் பெயர். கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளுமாகக் கோலமிட்டது போன்ற மேனி உடையதாகையால் அதனை அலங்காரச் சிலந்தி என்றும் கூறுவர். அவ்வினத்துள் ஒரு வகைக்கு மைசூர் அலங்காரச் சிலந்தி என்றே பெயர். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய போக்காக் என்னும் அறிஞர் 1895-ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தார். அவரே 1899-இல் சேலத்துச் சிலந்தி ஒன்றையும் விவரித்தார். இராமேசுவரம் தீவில் வாழும் மற்றொரு வகை 2004-இல் பெயர் பெற்றது. அங்குள்ள அனுமன் கோயிலைச் சார்ந்த தோப்பின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் கிடைத்த வகை 2012-இல் அறிவிக்கப்பட்டது. போரினால் சிதைந்த அப்பகுதியில் ஆய்வாளருக்கு வழித்துணையாக இருந்த இராஜகுமார் புராஜா என்ற காவல்துறை அதிகாரியின் நினைவாக அதற்கு ராஜேயி என்று பெயரிட்டனர். அவ்வூரின் பழைய மருத்துவமனைக் கட்டிடத்திலும் அது குடியிருந்தது! ஆக, தமிழர் வாழும் நிலத்திலெல்லாம் இவ்வுயிரும் வாழ்கிறது எனலாம்.

இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் அடியேனுக்கு இவற்றுள் தனிப்பற்று உண்டாக்கிய சிலந்தி ஒன்று உண்டு. ஆந்திரத்தில் குத்தி என்னும் சந்திப்பு நிலையத்தை அன்பர்கள் அறிவார்கள். அங்கே இரயில்வேயின் மரக்கிடங்கில் ஒரு நீலநிறச் சிலந்தி பிடிபட்டது. போக்காக் அதனை 1899-இல் விவரித்தார். பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் அதனைக் கண்டவர் இலர். 2001-ஆம் ஆண்டில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில், குத்தியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால், அது மீண்டும் கண்டறியப்பட்டது. வெட்டிய மரத்தோடு சரக்கு வண்டியேறிக் குத்திக்கு வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. வே பில்லில் பெயர் இல்லாத பயணி! தன் காட்டை விட்டு வேற்றூர் வந்து சேர்ந்த அதன் கதையைப் படிக்கும்போது, பெட்டி படுக்கையோடு இவ்வூர் நிலையத்தில் வந்திறங்கிய நம் பெரியவர்களின் நினைவு வராமற் போகாது. இன்று அந்நீலச் சிலந்தி அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. மைசூர்ச் சிலந்தியும் அழிவை நோக்கும் நிலையில் உள்ளதென்றே பட்டியலிடப்பட்டுள்ளது.

மழைக்காலத்தில் கிளை முறிந்து விழும்போதும், வீடு கட்ட மரம் வெட்டும்போதும், பழங்கட்டிடம் இடிக்கும்போதும் பெருஞ்சிலந்தி அடிபட்டு நம் வாசலுக்கு வரக்கூடும். வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகள் வீட்டில் அது செல்லப் பிராணியாகவே இருக்கவும் கூடும். இரண்டு இடத்திலும் பேணும் முறை ஒன்றே.

கால் மடங்குவது ஏன்?

இவ்வுயிரின் உடல் அமைப்பை ஒருவாறு அறிந்தாலன்றி அதன் நோயை அறிய இயலாது. நம் கைகால்களை மடக்கவும் நீட்டவும் தனித்தனித் தசைகள் உண்டு. சிலந்தியின் காலில் மடக்கும் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகள் சிலவற்றில் நீட்டும் தசை இல்லை. உடலிலுள்ள குருதிநீரை அழுத்தத்துடன் காலுக்குள் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. இதனை இரயில் வண்டியின் காற்றுத் தடையோடு ஒப்பிடலாம். பிரேக் குழாயில் அழுத்தம் இருக்கும் வரையில் சக்கரங்கள் தடையின்றி ஓடும். குழாய் அறுந்து அழுத்தம் குறைந்தால் தடைக்கட்டைகள் தாமாகவே இறுகி வண்டி நின்றுவிடும். அதுபோலச் சிலந்தியின் உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறைகிறது. மடக்கும் தசை வெல்கிறது. எட்டுக் கால்களும் வயிற்றின் கீழ் சுருண்டு கொள்கின்றன.

ஆகையால் கால்கள் உட்புறமாகச் சுருண்டு, வயிறு வற்றிச் சுருங்கிக் கிடக்கும் சிலந்தி பெரும்பாலும் நீரின்றித் தவிக்கும் சிலந்தியே. அது இறந்துவிட்டதென்று உடனே தூக்கி எறிந்துவிடலாகாது. ஆழமில்லாத மூடி ஒன்றில் தூய நீரை வைத்து, அதன் முகப்பகுதி மட்டும் நீரின் ஓரத்தைத் தொடுமாறு மெல்ல நகர்த்தி வைக்க வேண்டும். வயிற்றுப் பகுதி நீரில் முழுகக் கூடாது. ஏனெனில் அதன் நுரையீரல் வயிற்றின் அடிப்புறத்தில், புத்தக ஏடுகளை அடுக்கியது போல நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. நீர் வைத்த பின் நிழலான, அமைதியான, காற்றோட்டமுள்ள இடத்தில் விட்டுவிட வேண்டும். வெயிலில் வைப்பதும், விளக்கின் சூட்டில் வைப்பதும் எஞ்சிய நீரையும் வற்றச் செய்துவிடும். உயிர் இருக்குமாயின் சில மணி நேரத்தில் ஒரு காலேனும் அசையக் காணலாம்.

மல்லாந்து கிடந்தால் தொடாதீர்

இனிச் சொல்லப்போவது இக்கட்டுரையுள் தலையாயது. பெருஞ்சிலந்தி மல்லாந்து கிடந்தால், கால்கள் மேல்நோக்கி இருந்தால், அது சாகவில்லை, தோலுரிக்கிறது! பாம்பு சட்டை உரிப்பது போலச் சிலந்தியும் தன் மேலோட்டைக் கழற்றியே வளர்கிறது. அதற்கென்று அது தானே மல்லாந்து படுத்துக்கொள்ளும். இச்செயல் பல மணி நேரம் நீடிப்பதுண்டு. அதற்கு முன் சில வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூட அது உணவைத் தீண்டாமல் இருக்கும். அதுவும் நோயன்று.

இரக்கத்தால் விளையும் கொலைகளுள் பெரும்பாலானவை இங்கேதான் நிகழ்கின்றன. பரிதாபப்பட்டு அதனை நிமிர்த்தி வைப்பவர், குச்சியால் தட்டிப் பார்ப்பவர், பழைய தோலை இழுத்துக் கொடுக்க முற்படுபவர் ஆகியோர் அதன் உயிரையே வாங்கிவிடுகின்றனர். புதிய தோல் பாலாடை போல் மென்மையாக இருக்கும். விரல் பட்டாலே கிழியும். தோலுரித்து எழுந்த சிலந்தியின் நச்சுப்பற்கள் வெண்மையாக இருக்கும். அவை கறுத்து இறுகும் வரையில், ஒரு வாரத்துக்கோ அதற்கு மேலோ, உயிருள்ள இரை எதனையும் பெட்டிக்குள் விடலாகாது. சிறிய பாச்சையும் அந்நிலையில் சிலந்தியைக் கடித்துக் காயப்படுத்திவிடும். அருகில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

காயமும் கட்டும்

பெருஞ்சிலந்தியின் குருதி சிவப்பன்று. இரும்புக்குப் பதிலாகச் செம்பு கலந்திருப்பதால் அது வெளிறிய நீலச் சாயலுடையது. எனவே குருதி கசிவதைப் பலர் வெறும் நீரென்று எண்ணிவிடுவர். காலில் சிறு கசிவு இருந்தால், சமையலறையில் உள்ள சோளமாவையோ மெல்லிய மாவையோ ஒரு சிட்டிகை எடுத்து அவ்விடத்தில் மட்டும் தூவலாம். ஈரத்தை உறிஞ்சிக் கசிவை அடைக்க அது உதவும். வயிற்றின் கீழ்ப்புறத்து நுரையீரல் வாயில்களிலும் வாயிலும் அது படலாகாது. அயல்நாட்டு விலங்கு மருத்துவர்கள் காயத்தை ஒட்டும் பசையைப் பயன்படுத்துகின்றனர்; அது பழகிய கைகளுக்கே உரிய வேலை. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, கற்பூரம், தைலம் முதலியன எந்நிலையிலும் கூடா. எண்ணெய்ப் பசை மூச்சு வாயிலை அடைத்தால் அதுவே முடிவு.

கால் ஒன்று முறிந்து தொங்கினால் குச்சி வைத்துக் கட்ட வேண்டியதில்லை. உடலை ஒட்டிய மூட்டில் அக்காலைத் தானே கழற்றி எறியும் ஆற்றல் சிலந்திக்கு உண்டு. கழன்ற இடம் தானாகவே மூடிக்கொள்ளும். இன்னும் தோலுரிக்கும் பருவம் உடையதாயின், அடுத்த உரிப்பில் அங்கே புதிய கால் ஒன்று முளைத்திருக்கும்; முதலில் சிறிதாகவும் மெலிந்தும் இருந்து, அடுத்தடுத்த உரிப்புகளில் ஏனையவற்றை எட்டும்.

ஆனால் வயிறு கிழிந்தால் நிலைமை வேறு. வயிற்றுத்தோல் மிக மெல்லியது. கையிலிருந்து தவறி இரண்டு மூன்று அடி உயரத்தினின்று விழுந்தாலும் வெடித்துவிடக்கூடும். பெரிய கிழிசலைத் தைப்பார் இலர். ஆகவேதான் பெருஞ்சிலந்தியைக் கையில் ஏந்தி விளையாடுதல் அதற்கு நாம் செய்யும் தீங்கு என்கின்றனர் அறிந்தோர்.

நஞ்சும் புழுவும் மூப்பும்

நம் வீடுகளில் மாலை மயங்கினால் கொசுவர்த்தி புகையும். கரப்பானுக்கு மருந்து தெளிப்பர். பூச்சிகளைக் கொல்லும் அம்மருந்துகள் சிலந்தியையும் தாக்கும். நஞ்சு பட்ட சிலந்தி தள்ளாடும். கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். நேராக நடக்க இயலாது. அதற்கு மாற்று மருந்து இல்லை. புதிய பெட்டிக்கு மாற்றி, தூய காற்றும் நீரும் கொடுத்துக் காத்திருத்தல் ஒன்றே வழி. தோட்டத்தில் மருந்தடித்த இடத்துப் பூச்சிகளை அதற்கு இரையாகக் கொடுத்தலும் நஞ்சு கொடுத்தலே ஆகும்.

வாயருகே வெண்மையான கசிவும் துர்நாற்றமும் தோன்றி, உணவை வெறுத்தால், நுண்ணிய உருளைப்புழுக்கள் பற்றியிருக்கலாம். இத்தகைய புழு ஒன்றைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வாளர்கள் 2022-ஆம் ஆண்டில் விவரித்தனர். சிலந்தியை வைத்து 1990-இல் எடுத்த ஆங்கிலப் படம் ஒன்றில் நடித்த ஜெஃப் டேனியல்ஸ் என்பவரின் பெயரை அதற்கு வைத்தது ஒரு வேடிக்கை. நோய் வேடிக்கையன்று, உறுதியான சிகிச்சை இன்னும் கிட்டவில்லை. மற்றச் சிலந்திகளிடமிருந்து அதனைப் பிரித்து வைத்து, பாத்திரங்களைத் தனியே கழுவுவதே செய்யக்கூடியது.

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேலும் வாழ வல்லது. ஆணோ, இறுதித் தோலை உரித்து முதிர்ந்தபின் நெடுநாள் வாழ்வதில்லை. துணை தேடிப் புறப்பட்டு, உணவையும் மறந்து, இரவில் சுவரேறி அலையும். மெலிந்த உடலும் நீண்ட கால்களுமாக வீட்டுக்குள் வருவது அத்தகைய ஆணாக இருக்கலாம். அதற்கு வந்தது நோயன்று, முதுமை. அதனை வழிவிட்டு அனுப்புதலே சிகிச்சை.

ஒரு மழை நாளில்

எங்கள் குடியிருப்பில் சென்ற பருவமழையின்போது பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அதனடியில் கிடந்த பெருஞ்சிலந்தி ஒன்றை அடுத்த வீட்டுச் சிறுவன் அட்டைத் துண்டால் தள்ளி இனிப்புப் பெட்டிக்குள் ஏற்றிக் கொண்டுவந்தான். எட்டுக் கால்களில் ஏழே எஞ்சியிருந்தன. அவன் பாட்டி கொதிநீர் வைக்கச் சொன்னார். எதிர்வீட்டுக் கன்னட அம்மையார், “ஜேடா, ஜேடா” என்று கூவிக் கதவைச் சாத்திக்கொண்டார். சிறுவனோ தீக்குச்சியும் நூலுமாக நின்றான். “மாமா, கட்டுப் போட்டால் பிழைக்குமா?” என்று அவன் கேட்டபோது, “கட்டு வேண்டாம் தம்பி, தண்ணீரும் இருட்டும் போதும்” என்றேன். மூடியில் துளையிட்டு, சிறு கிண்ணத்தில் நீர் வைத்து, கூடத்தின் மூலையில் பெட்டியை வைத்தோம். மறுநாள் மாலை, அது எழுந்து பெட்டியின் சுவரில் ஒட்டி நின்றது. முறிந்த மரத்தின் எஞ்சிய அடிமரத்தருகே பெட்டியைச் சாய்த்து வைத்தோம். நெடுநேரம் அசையாதிருந்தது, பின்னர் ஒரே வீச்சில் பட்டையின் பிளவுக்குள் மறைந்தது. கொதிநீர் வைக்கச் சொன்ன பாட்டி, “ஏழு காலோடு எப்படி இரை பிடிக்கும்?” என்று இரண்டு நாள் கேட்டுக் கொண்டிருந்தார்.

நமக்கும் காப்பு வேண்டும்

இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். மரச்சிலந்தி மின்னல் வேகத்தில் ஓடும். மூலையில் அகப்பட்டால் கடிக்கும். அதன் கடியால் மனிதர் இறந்ததாகச் செய்தி இல்லை. ஆயினும் கடும் வலியும், உடலெங்கும் தசைப்பிடிப்பும் ஏற்பட்டுப் பல நாள் வருத்துவதுண்டு. ஆதலால் வெறுங்கையால் தொடலாகாது. அகன்ற ஒளிபுகு டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி எடுப்பதே முறை. குழந்தைகள் தனியே இதனைச் செய்தல் கூடாது. கடிபட்டால் கைவைத்தியம் பாராது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. உயிரினங்களின் வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் என்னும் உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இம்மரச்சிலந்தி இனம் முழுவதும் 2019-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் அடங்கிய உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நம் நாட்டு வனவுயிர்ச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆகவே காட்டிலிருந்தோ மரத்திலிருந்தோ பிடித்து வந்து வளர்க்க எண்ணுதல் தவறு. அடிபட்டு வந்ததை ஓரிரு நாளுக்கு மேல் வைத்திருக்க நேர்ந்தால் வனத்துறையினருக்குத் தெரிவித்து அவர் சொற்படி நடப்பதே நமக்கும் அதற்கும் நலம். தேறியதை, கண்டெடுத்த இடத்துக்கு அருகிலேயே, மாலை மங்கும் வேளையில் விட வேண்டும். வேறெங்கோ உள்ள காட்டில் கொண்டு விடுதல் உதவியாகாது.

அன்பர்களே! இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துப் பாருங்கள். நீர் வைத்தல், நிழல் தருதல், கசிவுக்கு ஒரு சிட்டிகை மாவு. செய்ய வேண்டியவை இவ்வளவே. நிமிர்த்தாமை, இழுக்காமை, மருந்து பூசாமை, கையில் ஏந்தாமை என்று செய்யாது விடவேண்டியவையே மிகுதி. இவ்வுயிருக்கு நாம் காட்டும் அன்பு பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் அன்புதான். அது எளிதன்று, ஆனால் கற்கத் தக்கது. பொந்துள்ள பழைய மரங்களை வீணே வெட்டாதிருப்பதும் அவ்வன்பின் ஒரு பகுதியே. நாம் குடியேறிய இந்த ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிலந்தி ஒன்று நமக்கு முன்பே இங்கு குடியிருந்தது என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போம். அடுத்த முறை சுவரில் அது தோன்றும்போது, துடைப்பத்துக்கு முன் அவர்கள் டப்பாவையும் அட்டையையும் தேடி, வீட்டுப் பெரியவரை அழைப்பார்களாக.